ஜேம்ஸ் தீஸோ: ஹாலில் மாட்டியிருக்கும் ஒரு படத்தால் வந்த கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறேன். கறுப்பு உடையும் தொப்பியும் போட்ட ஒரு பெண், செஸ்ட்நட் மர இலைகளுக்குக் கீழே நடந்து போய்க்கொண்டே சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். காபி குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். பத்து வருடமாக ஒரே பதில்களைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"யாருங்க இந்த அம்மா? ஏதாவது ராணியா?"

ராணி இல்லை. பெயர் கேத்லீன் நியூட்டன். லண்டனில் வாழ்ந்த அயர்லாந்து வம்சாவளிப் பெண். படத்தின் பெயர் 'அக்டோபர்'. வரைந்தவர் ஜேம்ஸ் தீஸோ என்ற பிரெஞ்சு ஓவியர். 1877இல் எண்ணெய் வண்ணத்தில் ஏழடிக்கும் மேல் உயரமாக வரைந்தார். அடுத்த வருடம் அதையே செப்புத் தகட்டில் கீறி, அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் அச்செடுத்தார். பெரிய ஓவியம் கனடாவின் மான்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் சுவரில் இருப்பது அச்சுப்படத்தின் புகைப்பட நகல். அதற்குச் செலவான காசில் பெரும்பகுதி சட்டத்துக்குத்தான்.

"டிஸ்ஸாட்டா? வாட்ச் கம்பெனிக்காரரா?"

இல்லை. பத்துக்கு ஆறு பேர் கேட்பதால் இதற்கும் ஒரு இடம். இரண்டு பெயரையும் Tissot என்றுதான் எழுதுவார்கள், அதனால் வரும் குழப்பம். அந்தக் கடிகாரம் ஸ்விட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் 1853இல் ஒரு தந்தையும் மகனும் தொடங்கிய தொழில். நம் ஆள் பிரான்ஸின் மேற்கே நான்ட் என்ற துறைமுக ஊரில் 1836 அக்டோபர் 15 அன்று பிறந்தவர். அப்பா ஜவுளி வியாபாரி, அம்மா தொப்பி வடிவமைத்தவர். கடைசி 'ட்' ஒலிக்காது, தீஸோ என்று சொன்னால் போதும்.

ஜவுளிக்கடைப் பிள்ளை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். துணியின் மடிப்பும் ரிப்பனின் வளைவும் அவர் கைக்கு எப்படி வந்தன என்று பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்காது.

"பிரெஞ்சுக்காரர்னா பேர் ஏன் ஜேம்ஸ்?"

அப்பா அம்மா வைத்த பெயர் ழாக் ழோஸெஃப். பாரிஸில் படித்துக்கொண்டிருந்த இளவயதிலேயே அவராக ஜேம்ஸ் என்று மாற்றிக்கொண்டார். ஆங்கில மோகம் அப்போது பாரிஸில் இருந்தது. லண்டன் போன பிறகு வைத்த பெயர் என்று பலர் எழுதுகிறார்கள், அது தப்பு. லண்டனில் குடியேறுவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1859இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் முதல்முறை படம் வைத்தபோதே அவர் ஜேம்ஸ்தான்.

"ஜானர் ஓவியம்னு போட்டிருக்காங்களே, அது என்ன வகை?"

சாமி படம் இல்லை, போர்க்களம் இல்லை, அரசர் உருவப்படமும் இல்லை; சாதாரண மனிதர்கள் ஏதோ செய்துகொண்டிருக்கும் காட்சி. டீ ஊற்றுவது, கடிதம் படிப்பது, கப்பலுக்குக் காத்திருப்பது, விருந்தில் யாரோடு பேசுவதென்று தெரியாமல் நிற்பது. பிரெஞ்சுக் கலை அகாதமியின் தரவரிசையில் புராணம், வரலாறு எல்லாம் மேலே, இது கீழே. ஆனால் வீட்டில் மாட்ட வாங்குகிறவர்களுக்கு இதுதான் பிடித்தது.

தீஸோவும் ஆரம்பத்தில் இடைக்கால உடைகளில், சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட ஃபாஸ்ட் என்ற அறிஞனின் ஜெர்மன் கதைக் காட்சிகளைத்தான் வரைந்தார். அதில் ஒன்றை 1860இல் பிரெஞ்சு அரசே வாங்கியது. 1860களின் நடுவில் பழைய உடைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தன் கண்முன் இருந்த மனிதர்களிடம் திரும்பினார். 1873இல் வரைந்த 'ரொம்பச் சீக்கிரம்' படம் ஒன்று போதும். நடன விருந்துக்கு நாலைந்து பேர் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பெரிய கூடம் காலியாக இருக்கிறது. வீட்டுக்காரி இன்னும் வாத்தியக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வேலைக்காரப் பெண்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறார்கள், வந்தவர்கள் விசிறியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு ஏழு மணி என்று நம்பி ஏழு மணிக்கே போய் நின்ற எவருக்கும் அந்த முகங்கள் தெரியும்.

"எட்சிங்னா பேனாவால வரையறதுதானே?"

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் பேனா இல்லை. நம் பாத்திரக்கடையில் பேர் வெட்டுவார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். வழுவழுப்பான செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சை மெல்லிசாகத் தடவுவார்கள். புகை காட்டினால் அது கறுத்துவிடும். கூரான ஊசியால் அதில் வரைய வேண்டும். ஊசி பட்ட இடத்தில் பூச்சு விலகி, செம்பு பளிச்சென்று தெரியும். செம்பை வெட்ட வேண்டியதில்லை, அந்த வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் வைத்தால் பூச்சு விலகிய கோடுகளை மட்டும் அரிக்கும். லேசான கோடு வேண்டுமானால் சீக்கிரம் எடுத்து, அந்த இடத்தை வார்னிஷால் அடைத்துவிட்டு, ஆழம் வேண்டிய கோடுகளுக்காக மறுபடி முக்குவார்கள்.

அப்புறம் பூச்சைத் துடைத்துவிட்டு, கெட்டி மையைத் தகடு முழுக்கத் தேய்த்து, துணியாலும் உள்ளங்கையாலும் வழித்தெடுப்பார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். நனைத்த தாளை மேலே வைத்து உருளை அச்சில் அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். படம் இடவலமாகத் திரும்பி விழும்.

தீஸோவுக்கு இன்னும் பிடித்தது டிரைபாயின்ட் என்ற முறை. அமிலமே கிடையாது, ஊசியால் நேரே செம்பைக் கீற வேண்டும், கைவலு வேண்டும். உழும்போது கொழுவின் ஓரத்தில் மண் புரளுமே, அதுபோலக் கோட்டின் ஓரத்தில் செம்பு மெல்லிய பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெட் மாதிரிக் கறுப்பாக விழும். 'அக்டோபர்' படத்தில் அவள் உடையின் கறுப்பு அப்படி வந்ததுதான். ஒரு சிக்கல்: அச்சு அழுத்த அழுத்தப் பிசிறு நசுங்கிவிடும். சில டஜன் தாள்களுக்குப் பிறகு அந்தக் கறுப்பு போய்விடும். அதனால் முதலில் எடுத்த தாள்களுக்கு விலையே வேறு.

"பாரிஸ்ல நல்லாத்தானே இருந்தார், ஏன் லண்டன் போனார்?"

போர். 1870இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது தீஸோ துப்பாக்கி தூக்கி நகரைக் காக்கும் படையில் நின்றார். அந்த நாட்களைப் பின்னால் தகட்டில் கீறினார். 'நான் பார்த்த முதல் சாவு' என்று ஒன்று. காயம்பட்டவர்களை நாடக அரங்கின் கூடத்தில் கிடத்தியிருக்கும் காட்சி இன்னொன்று. ஃபேஷன் ஓவியர் என்று அவரை ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் இந்த இரண்டையும் பார்த்திருக்க மாட்டார்கள். 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற நகர மக்களின் கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்த பிறகு நகரமும் பாழ், படச் சந்தையும் பாழ். லண்டனில் தாமஸ் கிப்சன் பௌல்ஸ் என்ற நண்பர் 'வேனிட்டி ஃபேர்' என்ற பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு தீஸோ 'கோய்தே' என்ற புனைபெயரில் முன்பே கேலிச்சித்திரம் போட்டிருந்தார். அந்தப் பிடியில் போய் இறங்கினார்.

மூன்றே வருடத்தில் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் தோட்டமும் குளமும் தூண் வரிசையுமாக வீடு. எட்மோன் த கோன்கூர் என்ற எழுத்தாளர் தன் நாட்குறிப்பில் வயிற்றெரிச்சலோடு எழுதியிருக்கிறார்: வருகிறவர்களுக்கு எந்நேரமும் குளிர்ந்த ஷாம்பெயினாம், தோட்டத்துச் செடிகளின் இலைகளைத் துடைத்து மெருகேற்றப் பட்டுக் காலுறை போட்ட ஒரு வேலைக்காரனாம். இலை துடைத்தது நிஜமோ கதையோ, படங்கள் அவ்வளவு விற்றன என்பது நிஜம்.

"இவரும் இம்ப்ரெஷனிஸ்ட் கோஷ்டியா?"

கண்ணில் பட்ட நொடியின் ஒளியையும் நிறத்தையும் வேகமான தூரிகையால் பிடிக்கப் பார்த்த பாரிஸ் ஓவியர்கள்தான் அந்தக் கோஷ்டி. இவர் கோஷ்டியின் நண்பர், உறுப்பினர் இல்லை. கோஷ்டியில் ஒருவரான தெகா என்ற ஓவியரும் இவரும் இளவயதுச் சிநேகிதர்கள். தெகா வரைந்த தீஸோவின் உருவப்படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கையில் பிரம்போடு பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். 1874இல் முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிக்கு நீயும் படம் அனுப்பியே தீர வேண்டும் என்று தெகா கடிதம் எழுதி நச்சரித்தார். தீஸோ அனுப்பவில்லை. லண்டனில் வியாபாரம் சூடாக ஓடும்போது எதற்கு வம்பு என்று நினைத்திருக்கலாம், இது என் ஊகம். லண்டனில் இருந்த விஸ்லர் என்ற ஓவிய நண்பருக்கும் இதே கதைதான். ஜான் ரஸ்கின் என்ற விமர்சகர்மேல் அவர் 1878இல் அவதூறு வழக்கு நடத்தியபோது சாட்சி சொல்லக் கூப்பிட்டார், தீஸோ மறுத்துவிட்டார். நட்பு அதோடு போச்சு. நண்பனாக இவரை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. வெறும் டிரஸ் காட்டுற படம்தானே?"

இப்படிக் கேட்பவர்களுக்கு நல்ல துணை உண்டு. 1877இல் அதே ரஸ்கின், இவர் படங்களில் பெரும்பாலானவை நாகரிகமற்ற பணக்காரக் கூட்டத்தின் வண்ணப் புகைப்படங்கள் என்ற பொருளில் எழுதினார். அப்போது மாணவனாக இருந்த ஆஸ்கர் வைல்டும் தன் பங்குக்கு, அளவுக்கு மீறி உடுத்திய சாதாரண ஆட்களையும் சோடா பாட்டில்களையும் இவ்வளவு துல்லியமாக வரைவானேன் என்று சலித்துக்கொண்டார். தீஸோவின் தோட்டத்துக் குளத்தருகே சிலர் துணி விரித்து டீ சாப்பிடும் படத்தைப் பற்றித்தான் சொன்னார். அது இப்போது லண்டன் டேட் காலரியில் தொங்குகிறது. எனக்கு அந்த சோடா பாட்டில்கள் ரொம்பப் பிடிக்கும்.

உடையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு வேறொன்றைப் பாருங்கள்: படத்தைப் பார்க்கும் நாம் எங்கே நிற்கிறோம்? அமெரிக்காவில் டொலிடோ அருங்காட்சியகத்தில் 'லண்டனுக்கு வந்தவர்கள்' என்ற படம் இருக்கிறது. தேசிய காலரியின் வாசல் தூண்களுக்கு இடையே ஒரு தம்பதி. கணவன் வழிகாட்டிப் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறான். மனைவி குடையை நீட்டி எங்கோ காட்டுகிறாள், பார்வை மட்டும் நம் பக்கம். கீழே படியில் ஒரு சுருட்டு கிடக்கிறது. யாருடையது? அந்தப் படியில் இப்போது நிற்கும் ஆளுடையதாகத்தான் இருக்க வேண்டும், அதாவது படத்துக்கு வெளியே நிற்கும் நம்முடையது. 'அக்டோபர்' படத்திலும் அவள் திரும்பிப் பார்ப்பது, பின்னால் நின்றுவிட்ட ஒருவரை. டிரஸ் படம் போடுகிறவருக்கு இந்த வேலை எதற்கு?

"அந்த அம்மாவுக்கு இந்தியாவோட ஏதோ தொடர்பாமே?"

உண்டு. பஞ்சாபின் ஹோஷியார்பூர். கேத்லீனின் அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். மகளுக்குப் பதினாறு வயதானபோது, இந்தியாவில் வேலை பார்த்த ஐசக் நியூட்டன் என்ற மருத்துவருக்குப் பேசி முடித்துக் கப்பலேற்றினார்கள். (ஆப்பிள் நியூட்டன் இல்லை, அவர் செத்து நூற்று நாற்பது வருடம் ஆகியிருந்தது.) 1871 ஜனவரியில் திருமணம். கப்பலில் பாலிசர் என்ற கேப்டனோடு ஏற்பட்ட பழக்கத்தை அந்தப் பெண் மறைக்காமல் புதுக் கணவனிடம் சொன்னாள். அவர் விவாகரத்துக்குப் போட்டுவிட்டார். அந்த வருடம் முடிவதற்குள் கேத்லீன் இங்கிலாந்தில், கையில் ஒரு பெண் குழந்தையோடு.

பிறகு செயின்ட் ஜான்ஸ் வுட்டில் அக்கா வீட்டில் தங்கினாள். தீஸோவின் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். 1876 வாக்கில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் படங்களில் அவள் முகம்தான்: ஊஞ்சல் படுக்கையில், ரயில் நிலையத்தில், குடையோடு, புத்தகத்தோடு. மஞ்சள் ரிப்பன் வைத்த வெள்ளை மஸ்லின் கவுன் ஒன்று படத்துக்குப் படம் வரும். பார்த்துப் பார்த்து எனக்கு அந்தக் கவுனே தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டது.

"கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்கலாமே? ஏன் பண்ணிக்கலை?"

இருவரும் கத்தோலிக்கர்கள். விவாகரத்தான பெண்ணைத் திருச்சபை மறுபடி மணம் முடித்து வைக்காது. சேர்ந்து வாழ்ந்ததற்கு விலையும் கொடுத்தார்கள். பெரிய வீட்டு விருந்துகளுக்கு அழைப்பு நின்றது. படங்கள் கூடத்திலிருந்து தோட்டத்துக்குள் சுருங்கியதற்கு அது ஒரு காரணம்.

1876இல் கேத்லீனுக்கு ஒரு மகனும் பிறந்தான். அவன் தீஸோவின் பிள்ளையா என்பது அடுத்து வரும் கேள்வி. அதை நிரூபிக்கும் தாள் எதுவும் இல்லாததால் நான் எந்தப் பக்கமும் சேர்வதில்லை. குழந்தைகள் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார்கள், அம்மாவைப் பார்க்க வருவார்கள், படங்களிலும் வருவார்கள். கேத்லீனுக்குக் காசநோய். 1881 வாக்கில் அவர் கீறிய 'கோடைகால மாலை' என்ற டிரைபாயின்டில் அவள் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறாள், கண் குழி விழுந்திருக்கிறது. 1882 நவம்பர் 9 அன்று, 28 வயதில் இறந்தாள். ஒரே வாரத்தில் தீஸோ வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பாரிஸ் போய்விட்டார். அந்த வீட்டைப் பிறகு அல்மா-டடேமா என்ற இன்னொரு பிரபல ஓவியர் வாங்கினார். படங்களில் வரும் பெண்ணின் பெயரே அறுபது வருடத்துக்கு மேல் வெளியே தெரியாது, 'மர்மப் பெண்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1946இல் அவளுடைய அக்கா மகள் முன்வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"ஒரே படத்தைப் பெயின்ட்லயும் போட்டு எட்சிங்கும் போட்டா, எது ஒரிஜினல்?"

இரண்டும். அந்தக் காலத்தில் ஓவியம் பிரபலமானால் வேறொரு கைவினைஞரிடம் கொடுத்துத் தகடு வெட்டச் சொல்வார்கள், அது நகல். தீஸோ தானே ஊசி பிடித்தார். அந்தப் பக்கம் அவரை உற்சாகப்படுத்தியவர் சீமோர் ஹேடன். தொழிலால் அறுவை மருத்துவர், விஸ்லரின் அக்கா கணவர், செப்புத் தகட்டில் மன்னன். ஓவியத்தில் இருப்பதைத் தகட்டுக்கு மாற்றும்போது தீஸோ பலதையும் மாற்றுவார். மேலே சொன்ன தேசிய காலரி வாசலை 1878இல் தகட்டில் கீறியபோது தம்பதியைக் காணோம், தனியாக ஒரு பெண் நிற்கிறாள். ஏறத்தாழ 90 தகடுகள் செய்தார். வண்ணப் படம் வாங்கக் காசில்லாத நடுத்தர வீடுகளுக்கும் தீஸோ போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

என் ருசியைக் கேட்டால், ஓவியத்தைவிட அச்சு 'அக்டோபர்'தான் மேல். வண்ணத்தில் மஞ்சள் இலைகள் அவளை அமுக்கிவிடுகின்றன.

"செத்துப்போன அந்த அம்மாவோட ஆவியைப் படம் வரைஞ்சாராமே?"

வரைந்தார். 1885 மே மாதம் லண்டனில் வில்லியம் எக்லின்டன் என்ற ஆவியழைப்பவர் நடத்திய கூட்டத்தில் இருட்டறையில் கேத்லீன் தோன்றியதாக நம்பினார். வெள்ளைத் துணி போர்த்திய பெண்ணும் பக்கத்தில் ஒரு ஆணும், கைகளிலிருந்து வெளிச்சம் எழுவது போன்ற படம். அதை மெஸ்ஸோடின்ட் முறையில் அச்சாகவும் போட்டார். எட்சிங்குக்கு நேர் தலைகீழ் முறை அது: தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால் அச்சு முழுக் கறுப்பாக விழும், வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டி வழுவழுப்பாக்க வேண்டும். இருட்டிலிருந்து ஒரு உருவத்தை வரவழைக்க இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. எக்லின்டன்மேல் மோசடிக் குற்றச்சாட்டுகள் ஏற்கெனவே இருந்தன. இரண்டரை வருடத் துக்கத்தில் இருந்தவருக்கு அதெல்லாம் காதில் ஏறியிருக்காது.

"ஃபேஷன் படம் போட்டவர் எப்படி பைபிளுக்குத் தாவினார்?"

பாரிஸ் பெண்களைப் பற்றிப் பதினைந்து படங்கள் கொண்ட வரிசை ஒன்றை 1885இல் காட்சிக்கு வைத்தார். அதில் தேவாலயப் பாடகி ஒருத்தியை வரைவதற்காக செயின்ட் சுல்பீஸ் ஆலயத்துக்குப் போனபோது, இடிந்த வீட்டில் ஏழைத் தம்பதி அருகே இயேசு உட்கார்ந்து ஆறுதல் சொல்வதுபோல் ஒரு காட்சி கண்டதாக அவரே சொன்னார். 50 வயதில் பாலஸ்தீனம் புறப்பட்டார். 1886இலும் 1889இலும் போய், தெருக்கள், முகங்கள், உடைகள், கல்சுவர்கள் என்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டு வந்தார். விளைவு, இயேசுவின் வாழ்க்கை பற்றி 350 சிறு நீர்வண்ணப் படங்கள். 1900இல் புரூக்ளின் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நிதி திரட்டி 60,000 டாலருக்கு அவற்றை வாங்கியது.

தாவல் என்று எல்லோரும் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வரிசையில் 'சிலுவையிலிருந்து நம் ஆண்டவர் கண்டது' என்று ஒரு படம். அதில் இயேசுவின் முகம் கிடையாது. அடியில் இரண்டு பாதங்களின் நுனி மட்டும். அதற்குக் கீழே மக்தலேனா, தாய் மரியாள், சேவகர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லோரும் அண்ணாந்து நம்மைப் பார்க்கிறார்கள். சுருட்டு கிடந்த படியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே நம்மைப் படியில் நிறுத்திய அதே ஆள்தான் இங்கே சிலுவையில் ஏற்றியிருக்கிறார். பிறகு பழைய ஏற்பாட்டுக் காட்சிகளைத் தொடங்கினார். அது முடிவதற்குள், 1902 ஆகஸ்ட் 8 அன்று பிரான்ஸின் கிழக்கே புய்யோன் என்ற இடத்தில் தன் மாளிகையில் இறந்தார்.

"இணையத்துல தீஸோ எட்சிங்னு ஒண்ணு விக்கிறாங்க. வாங்கலாமா?"

பூதக்கண்ணாடி இல்லாமல் வேண்டாம். கோடுகளைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு, என் வீட்டில் இருப்பதன் தம்பி. உண்மையான எட்சிங்கில் மை தாளிலிருந்து துளி மேடாக நிற்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் நாலு பக்கமும் இருக்க வேண்டும். பல தாள்களில் தீஸோவின் சிவப்பு நிற எழுத்து முத்திரையும் இருக்கும். ஆனால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், ரப்பர் ஸ்டாம்ப் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இவை எல்லாம் சரியாக இருந்தாலும் கறுப்பைப் பாருங்கள். டிரைபாயின்ட் பற்றி மேலே சொன்ன வெல்வெட் கறுப்பு இல்லாமல் சாம்பல் பூத்திருந்தால், அது தகடு தேய்ந்த பிறகு எடுத்த தாள். அசல்தான், ஆனால் முதல் தாளுக்கான விலையைக் கொடுக்காதீர்கள். தெரிந்தவர் ஒருவர் அப்படிக் கொடுத்துவிட்டு வந்து என் ஹாலில்தான் உட்கார்ந்து புலம்பினார்.

"முதல்ல எந்தப் படத்தைப் பார்க்கட்டும்?"

வாஷிங்டன் தேசிய காலரியில் இருக்கும் 'கண்ணாமூச்சி'. காலரியின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தீஸோவின் ஓவிய அறைதான் இடம். கேத்லீன் மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறாள். விரிப்பின்மேல் ஒரு குட்டிக் குழந்தை தவழ்கிறது. மற்றக் குழந்தைகள் எங்கே என்று முதலில் தெரியாது. நாற்காலி முதுகுகளுக்கும் திரைகளுக்கும் பின்னால் மெதுவாகத் தேடுங்கள், முகங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும்.